தாய்மாமன் எந்தக் கட்டத்தில் வருவார்?

அன்று மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா மகன் வைபரில் கூப்பிட்டான். எப்போதும் "மாமா, சாப்பிட்டீங்களா" என்று தொடங்குகிறவன், அன்றைக்கு எடுத்த எடுப்பில், "மாமா, அப்பாவோட எஃப்.ஆர்.சி. யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டான். அத்தான் இறந்து அப்போதே எட்டு வருடம் ஆகியிருந்தது. அவருடைய வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழை அமெரிக்காவில் இருக்கும் மகன் எதற்குக் கேட்கிறான் என்று எனக்குப் புரியவில்லை.

இது 2022 ஆகஸ்டில். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுதியதை அவனுக்கு அனுப்பினேன், சில இடங்களை அடித்துத் திருப்பி அனுப்பினான். பெயர்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே பர்மாவில் ரங்கூனிலும் பெகுவிலும் மோல்மேனிலும் இருக்கிற நம்மவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாருக்காவது இதேபோல ஒரு போன் வரலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவன் 2006இல் சிங்கப்பூர் போனான். அங்கிருந்து அமெரிக்காவில் மேற்படிப்பு, வேலை, கல்யாணம். 2019இல் அந்த நாட்டுக் குடிமகன் ஆனான். பொறியாளர். அவன் கம்பெனி அரசாங்கத்துக்குச் செய்து கொடுக்கும் ஒரு வேலைக்கு அவனை மாற்ற விரும்பியது. அதற்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் வேண்டும். இரகசியத் தகவலை நம்பி ஒப்படைக்கலாம் என்று அரசாங்கம் கொடுக்கும் தகுதி அது. நாமாகப் போய் விண்ணப்பிக்க முடியாது, வேலை கொடுப்பவர்தான் முன்மொழிய வேண்டும். அதற்கு நிரப்ப வேண்டிய படிவத்தின் எண் 86. நூறு பக்கத்துக்கு மேல் வரும். அதில் பாதி அவனைப் பற்றி இல்லை, எங்களைப் பற்றியது.

பதினெட்டாம் பகுதி உறவினர்கள். அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள், மாமனார், மாமியார். இறந்துபோயிருந்தாலும் பெற்றோர் விவரம் எழுத வேண்டும். முழுப் பெயர், வேறு பெயர்கள், பிறந்த தேதி, பிறந்த ஊர், எந்த நாட்டுக் குடிமகன்.

பர்மாத் தமிழர் குடும்பத்தை அந்தக் கட்டங்களுக்குள் எழுதுவது என்ன பாடு என்று எழுதியவர்களுக்குத்தான் தெரியும். என் அக்காவுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் பெருமாயி. பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர், மா கின் வின். அடையாள அட்டையில் டோ கின் வின். கோயில் நன்கொடை ரசீதில் பெருமாயி அம்மாள். நால்வரும் ஒருவரே. பர்மியப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. படிவத்திலோ குடும்பப் பெயருக்குத் தனிக் கட்டம். அவன் அட்டையில் இருப்பதை முதலில் எழுதி, மற்ற மூன்றையும் 'வேறு பெயர்கள்' என்பதில் எழுதினான். பிறந்த தேதி இன்னொரு சிக்கல். அக்கா பிறந்தது 1950 தைப்பூசத்துக்கு மறுநாள் என்று எங்கள் ஆத்தா சொல்வாள். அட்டையில் இருப்பது 1952 ஜனவரி 1. அவன் அட்டையில் உள்ளதை எழுதி, பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினான். ஒரு காகிதத்தில் ஒன்றும் இன்னொரு காகிதத்தில் வேறொன்றும் இருந்து, விளக்கம் இல்லாமல் போனால்தான் சந்தேகம் வருமாம்.

குடியுரிமைக் கட்டத்தில்தான் நாங்கள் ஒரு வாரம் நின்றோம். 1982 சட்டப்படி இங்கே மூன்று வகைக் குடிமக்கள். அட்டை எண்ணின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து இருக்கும். நைங் என்று இருந்தால் முழுக் குடிமகன், இளஞ்சிவப்பு அட்டை. ஏ என்று இருந்தால் நீல அட்டை, பர்மிய மொழியில் அந்தச் சொல்லுக்கு விருந்தாளி என்று அர்த்தம். ப்யூ என்றால் பச்சை அட்டை. அக்காவுக்கு நைங். எனக்கு ஏ. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், ஒரே வீட்டில் வளர்ந்தோம். அவள் வீட்டுக்காரி, நான் விருந்தாளி. அத்தானுக்கு அதுவும் இல்லை. அவர் பிறந்தது இங்கேயே, தட்டோனில். சாகும்வரை எஃப்.ஆர்.சி.தான், வருடா வருடம் கட்டணம் கட்டினார். இந்தியப் பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. அப்படியானால் அவர் எந்த நாட்டுக்காரர்?

அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தச் சான்றிதழைத் தேடி எடுத்தாள். அத்தானின் இளவயதுப் படம், ஓரத்தில் பூச்சி அரித்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். மருமகன் கடைசியில், எந்த நாடும் அவரைத் தன் குடிமகன் என்று சொன்னதற்கு ஆதாரம் இல்லை, இதுதான் இருக்கிறது என்று அப்படியே எழுதினான். அதை எனக்கு வாசித்துக் காட்டியபோது அவன் குரல் கம்மியது. தன் அப்பாவைப் பற்றி ஓர் அரசாங்கத்துக்கு அவன் எழுதிய முதல் வரி அது.

அப்புறம் நான் கேட்டேன், "என்னை எங்கேப்பா எழுதியிருக்க?"

அந்த உறவினர் பட்டியலில் தாய்மாமன் இல்லை. மாற்றாந்தாய் உண்டு, வளர்ப்புத் தந்தை உண்டு, பாதுகாவலர்கூட உண்டு. காது குத்தும்போது மடியில் உட்கார வைத்தவன், பரீட்சைக்கு இரயிலேற்றிவிட்டவன், சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் அந்தப் பட்டியலில் வரமாட்டான். எனக்கு அன்று மனம் கனத்துப்போனது உண்மை. ஆனால் அடுத்த பகுதியில் நான் வந்துவிட்டேன். பத்தொன்பதாம் பகுதி, வெளிநாட்டுத் தொடர்புகள். கடந்த ஏழு ஆண்டுகளில் நெருக்கமாகவோ தொடர்ந்தோ பழகிய வெளிநாட்டவர் யார் யார் என்று கேட்கிறது. நெருக்கம் என்றால் என்ன என்பதற்கு நான்கு சொற்கள் வைத்திருக்கிறார்கள்: பாசம், செல்வாக்கு, பொதுவான நலன், கடமை. இவற்றில் ஏதாவது ஒன்றால் கட்டுண்டிருந்தால் எழுத வேண்டும்.

"மாமா, நீங்க நாலுலயும் வர்றீங்க" என்றான் அவன்.

அதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தாய்மாமன் என்கிற சொல் அந்த அதிகாரிகளுக்குத் தெரியாது. ஆனால் அந்த நான்கு சொற்களையும் எழுதியவர் யாராக இருந்தாலும், ஒரு மனிதனை இன்னொருவன் எதனால் அசைக்க முடியும் என்று நன்றாக யோசித்திருக்கிறார்.

அவர்களுடைய கேள்வியே அதுதான். எங்களை நல்லவர்களா கெட்டவர்களா என்று அவர்கள் கேட்கவில்லை. இந்தப் பையனை யாராவது மிரட்ட வேண்டுமென்றால், யாரைப் பிடித்தால் அவன் பணிவான்? 2017 ஜூன் 8 முதல் நடப்பில் இருக்கும் விதிமுறையில் பதின்மூன்று தலைப்புகள் இருக்கின்றன. அதில் இரண்டாவது வெளிநாட்டுச் செல்வாக்கு. உறவினர் வெளிநாட்டில் இருப்பதே தகுதியைக் கெடுத்துவிடாது. அந்த உறவு, மிரட்டலுக்கோ நெருக்கடிக்கோ கூடுதல் ஆபத்தை உண்டாக்குகிறதா என்று பார்க்கிறார்கள். அங்கே எந்த நாடு என்பது முக்கியம். கனடாவில் இருக்கும் மாமாவும் ரங்கூனில் இருக்கும் மாமாவும் ஒன்றல்ல.

முதலில் எனக்கு இது கோபத்தைத் தந்தது. என்னால் அவனுக்கு ஆபத்தா? பிறகு யோசித்தேன். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, தேடப்பட்ட பிள்ளை கிடைக்காமல் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போன கதைகள் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு விருந்தாளி வந்து இரவு தங்கினால் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டிய ஊர் இது. அவர்கள் கேட்பது இல்லாத ஒன்றைப் பற்றி அல்ல.

இந்த இடத்தில் என் மகனைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மருமகன் அதை எடுக்கச் சொன்னான். எடுத்துவிட்டேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். நான் ரங்கூன் பேயின்நவுங் சந்தையில் உளுந்தும் துவரையும் வாங்கி விற்கிறவன். முப்பது வருடமாக இதுதான் தொழில். வாய்ச்சொல்லில் பத்து டன் கைமாறும். குடும்பத்துக்குள்ளும் நாங்கள் அப்படித்தான் இருந்தோம், எதற்கும் காகிதம் கிடையாது. மருமகன் அந்தக் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தபோதுதான், எங்களுக்கு நடுவே எத்தனை கணக்கு இருக்கிறது என்பதே தெரிந்தது.

ஒன்று, அக்காவுக்கு மாதம் 200 டாலர். வெளிநாட்டவர் யாருக்காவது எப்போதாவது பண உதவி செய்தது உண்டா என்று படிவம் கேட்கிறது. பெற்ற தாய்க்கு அனுப்புவதை 'உதவி' என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதினான். எந்த வழியாக அனுப்பினாய் என்று நேர்காணலில் கேட்டார்கள். முதல் சில ஆண்டுகள் உண்டியல் வழி, அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றுவது. வங்கி வழியாக வந்தால் டாலருக்கு அரசாங்க விலை, சந்தையிலோ அதைவிடக் கூடுதல். வயதான அம்மாவின் மருந்துச் செலவுக்கு அந்த வித்தியாசம் பெரிது. அதையும் உள்ளபடியே சொன்னான். விண்ணப்பம் போட்ட மாதத்திலிருந்து உரிமம் உள்ள நிறுவனம் மூலம்தான் அனுப்புகிறான். ஒவ்வொரு ரசீதையும் வைத்திருக்கிறான். கையில் வருவது குறைந்ததில் அக்காவுக்கு வருத்தம்தான்.

இரண்டு, ரங்கூனுக்குப் பக்கத்தில் சீரியத்தில் ஒரு மனை. 2014இல் அவன் அனுப்பிய பணத்தில், அக்கா பெயரில் வாங்கியது. பின்னாளில் வீடு கட்டி வந்து இருப்பேன் என்று அப்போது சொன்னான். வெளிநாட்டுக் குடிமகன் இங்கே நிலம் வைத்திருக்க முடியாது, 1987 சட்டம் தடுக்கிறது. இந்த நாடு இரட்டைக் குடியுரிமையும் தருவதில்லை. ஆகவே 2019இல் அமெரிக்கக் குடிமகன் ஆன அன்றே அந்த ஆசை சட்டப்படி முடிந்துவிட்டது, நாங்கள்தான் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. பத்திரத்தில் அவன் பெயர் இல்லை, பிறகு எதற்கு எழுதுவது என்று நான் கேட்டேன். அவன் படிவத்தை வாசித்துக் காட்டினான். உன் பெயரில் இருப்பது மட்டுமல்ல, உனக்காக வேறொருவர் வைத்திருப்பதும் எழுத வேண்டும் என்று தனிக் கேள்வியே இருக்கிறது. இதை அம்மாவுக்கே கொடுத்துவிட்டேன், எனக்கு உரிமை இல்லை என்று அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினான். அக்கா அதைப் படித்துவிட்டு அழுதாள். மனை கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா? அவன் இனி திரும்பி வந்து இருக்கமாட்டான் என்பது அந்தக் கடிதத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

மூன்றாவதுதான் என்னைச் சேர்ந்தது. 2016இல் என் கடைக்கு முதல் போதவில்லை. அவன் 8,000 டாலர் கொடுத்தான். கடனா பங்கா என்று இருவருமே சொல்லவில்லை. இலாபத்தில் கொஞ்சம் அக்காவின் கண் அறுவைக்குப் போனது, மிச்சம் கடையிலேயே சுழன்றது. படிவத்துக்கோ அது ஒரு வெளிநாட்டுத் தொழிலில் இருக்கும் முதலீடு. அதோடு நேர்காணலுக்கு முன்பு அவனே என்னிடம் கேட்ட கேள்விகள்: உங்கள் சரக்கை யார் வாங்குகிறார்கள்? எந்த வங்கியில் கணக்கு? இராணுவத்துக்குச் சொந்தமான நிறுவனம் எதனோடும் கொடுக்கல் வாங்கல் உண்டா? அமெரிக்க அரசாங்கம் 2021 மார்ச்சில் இராணுவத்தின் இரண்டு பெரிய தொழில் குழுமங்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2023 ஜூனில் அரசாங்கத்தின் வெளிநாட்டு வாணிப வங்கியும் முதலீட்டு வணிக வங்கியும் சேர்ந்தன. நான் பேரேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஆறு வருடக் கணக்கை ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். நான்கு இரவு பிடித்தது. அப்படி யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் அவனுக்குச் சொன்னேன். அவன் கேட்டதற்காக மட்டும் நான் பார்க்கவில்லை. என் வாயிலிருந்து போகும் ஒரு தவறான சொல் அவன் கையெழுத்தின் கீழே போய் உட்காரும் என்கிற பயம்.

2023 தொடக்கத்தில் அந்தப் பணத்தை அக்கா பெயரில் ஒரு தனியார் வங்கியில் போட்டுக் கணக்கை முடித்தேன். இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். திருப்பிக் கொடுத்துவிட்டோமே என்று முன்பு இருந்ததை மறைக்கவில்லை. இருந்தது, இந்தத் தேதியில் முடிந்தது என்று இரண்டையுமே எழுதினான்.

அக்கா ஒரு கட்டத்தில் சொன்னாள்: "கடைப் பணத்தை எழுத வேணாம்னு சொல்லு. நீயும் ஒரு வருஷம் அவன்கிட்டப் பேசாம இரு. பையனுக்கு நல்லது நடக்கட்டும்." அவள் பயந்த இடம் வேறு. 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்தபோது எங்கள் அப்பா தன்னிடம் இருந்த சரக்கை எல்லாம் நேர்மையாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார். மறைத்தவர்களுக்கு ஏதோ மிஞ்சியது, அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதே வருடம் மே மாதம் ஐம்பது, நூறு சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. சித்தப்பாக்கள் இருவரும் கப்பலேறி மதராஸ் போனார்கள். ஓர் அரசாங்கத்திடம் உள்ளதைச் சொல்வது என்றால் எங்கள் வீட்டில் அர்த்தம் அதுதான். அக்காவை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனாலும் இந்த விஷயத்தில் அவள் சொன்னது தவறு, அதை அவளிடமே சொன்னேன். ஏழு வருடத்தைக் கேட்கும்போது ஒரு வருடம் பேசாமல் இருந்து என்ன பயன்? பேசாமல் இருந்தது ஏன் என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பதின்மூன்று தலைப்புகளில் சொந்த நடத்தை என்று ஒன்று இருக்கிறது. தெரிந்தே ஒன்றை மறைத்தால் அதில் மாட்டும். படிவத்தில் வேண்டுமென்று பொய் எழுதுவது அந்த நாட்டில் ஐந்து வருடம்வரை சிறை வைக்கக்கூடிய குற்றம். ரங்கூனில் மாமா இருக்கிறார் என்பதற்கு விளக்கம் சொல்லலாம். மாமாவை மறைத்தேன் என்பதற்கு என்ன விளக்கம் சொல்வது? தவிர, மறைத்த அன்றைக்கே இன்னொருவன் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தது போல ஆகிவிடும். அந்த இரகசியம் தெரிந்தவன் அவனை மிரட்டலாம்.

அவனுடைய தங்கை பெகுவில் அரசாங்கப் பள்ளி ஆசிரியை. உறவினருக்கு அரசாங்கத்தோடு தொடர்பு உண்டா என்ற கேள்விக்கு அதுவும் 'ஆம்'. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் சம்பளம் யார் தருகிறார் என்பதுதான் கேள்வி.

இடைக்காலத் தகுதி என்று சிலருக்கு முன்கூட்டியே கொடுப்பார்களாம், அவனுக்குக் கொடுக்கவில்லை. நேர்காணல் ஒரு நாள் முழுக்க நடந்தது. விசாரித்தவர் மரியாதையாகத்தான் கேட்டார் என்றான். உங்கள் அம்மாவைப் பிடித்து வைத்துக்கொண்டு யாராவது கூப்பிட்டால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, உடனே என் மேலதிகாரியிடமும் உங்களிடமும் சொல்வேன் என்று பதில் சொன்னானாம். அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அவள் இதைப் படிக்கமாட்டாள்.

எதிர்ப்பக்கத் தட்டில் என்ன இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே அவனுக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள், வாங்கி ஏழு வருடமான வீடு, ஓய்வூதியச் சேமிப்பு. அவற்றோடு வைத்துப் பார்த்தால் சீரியத்து மனையும் என் கடைப் பணமும் சிறு தொகை. அந்த நாட்டோடு ஆழமான, நீண்டகால உறவு இருந்தால் அது எடையில் சேரும் என்று விதியிலேயே இருக்கிறது. வெளிநாட்டுச் சொத்து அவனை வளைக்கும் அளவுக்குப் பெரிதா என்றும் பார்க்கிறார்கள். தராசில் நிற்கிற எனக்கு அது புரிந்தது. வீசைக் கல் ஒரு தட்டில் இருந்தால் போதாது, மறுதட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் சந்தேகம் மிஞ்சினால் நாட்டின் பக்கம்தான் தீர்ப்பு. கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை அல்ல என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது.

2024 ஜனவரியில் கிடைத்தது. பதினேழு மாதம்.

அதோடு முடிந்துவிடவில்லை. வெளிநாட்டுப் பயணம் என்றால் முன்கூட்டியே தெரிவித்து அனுமதி பெற வேண்டும். புதிதாக ஒரு வெளிநாட்டவரோடு நெருங்கிப் பழகினாலும் சொல்ல வேண்டும். பர்மாவுக்குப் போகாதீர்கள் என்பதுதான் அந்த நாட்டின் பயண எச்சரிக்கை. ஆகவே போன வருடம் பெகுவில் தங்கை மகளுக்குக் காது குத்தியபோது அவன் வரவில்லை. கேட்டுப் பார்க்கட்டுமா என்றான், நான்தான் வேண்டாம் என்றேன்.

அந்தக் குழந்தைக்குத் தாய்மாமன் அவன்தான். அவன் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை. அவனுக்குப் பதிலாக நான் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு அவனுக்கும் காது குத்தியது என் மடியில்தான். தங்கை கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள், அங்கே நடுராத்திரி, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை வீரிட்டு அழுதபோது வைபர் அறுந்துபோய், பூசை முடிந்த பிறகுதான் மறுபடி வந்தது.

தோட்டுக்கும் சீருக்கும் 300 டாலர் அனுப்பியிருந்தான். அந்த மாத ரசீதுகளோடு அதையும் தேதி போட்டு வைத்துக்கொண்டான். நான் இங்கே பேரேட்டில் ஒரு புதுப் பக்கம் திறந்து, அவன் பெயரை எழுதி, கீழே 'தாய்மாமன் சீர்' என்று வரவு வைத்தேன்.